பம்புசெட்டு: பலபொருள் ஒருசொல்லா, ஓருருவில் பலசொல்லா?

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களை உடைய சொல் எது என்ற வினாவிற்கு நெடுங்காலம் ‘செட்’ என்பதே விடையாகக் கூறப்பட்டுவந்தது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு அதற்கு 430 பொருள்களைத் தந்துள்ளதாகக் கணக்கிடுவர். திருத்தப்பட்டுவரும் மூன்றாம் பதிப்பில் ‘ரன்’ என்பது வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களுடன் அதனை முந்திவிட்டது. இவ்வெண்கள் வியப்பூட்டுவன. எனினும், எதனை ஒரு பொருள் என்றும் எதனை ஒரு சொல் என்றும் கொண்டு எண்ணினார்கள் என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டியது. தமிழில் வழங்கும் ‘செட்டு’ என்னும் வடிவத்தை, குறிப்பாகக் கீழ்பென்னாத்தூர் வட்டாரப் பேச்சில் ‘பம்புசெட்டு’ பெற்றுள்ள வழக்கை, முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலத்திலேயே ‘செட்’ ஒரு சொல் அன்று. ‘இருத்து, அமை’ எனப் பொருள்படும் வினை பழைய ஆங்கிலத்திற்கு உரியது. ‘தொகுப்பு, கூட்டம்’ எனப் பொருள்படும் பெயரோ பழைய பிரெஞ்சின் வழியாக இலத்தீன் ‘செக்டா’விலிருந்து வந்து, வினையோடு உருவில் ஒன்றிப் பொருளிலும் ஓரளவு கலந்தது. தமிழ் இவ்விரண்டையும் கடன்பெற்றிருக்கிறது. ‘அவன் என் செட்டு’, ‘நகை செட்டு’, ‘பல் செட்டு’, ‘செட் தோசை’ ஆகியன பெயரின் வழிப்பட்டவை. ‘இந்த வேலை எனக்குச் செட் ஆகாது’ என்பது வினையின் வழிப்பட்டது. ‘செட்டப்’ என்பதில் உள்ள சூழ்ச்சிப் பொருளும் அவ்வழியினதே. (ஆய்வு மாணவர்கள் அஞ்சும் ‘செட்’ இவற்றுள் எதிலும் அடங்காது, அது மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம்.) இவற்றோடு, ‘கட்டும் செட்டுமாக’ என்ற தொடரில் சிக்கனப் பொருளில் நிற்கும் தமிழ்ச் ‘செட்டு’ முன்னரே இருந்தது.

நான்காவதாக வந்து சேர்ந்தது ‘ஷெட்’, அதாவது கொட்டகை. ஆங்கிலத்தில் ‘செட்’, ‘ஷெட்’ இரண்டும் முதல் ஒலியிலும் இறுதி ஒலியிலும் வேறுபடுவன. தமிழ்ப் பேச்சில் ஷகரம் சகரமாகிறது. தனிக்குறிலை அடுத்த ஒற்று உகரம் பெறுகையில் இரட்டிக்கிறது. இரட்டித்த டகரம் அதிராவொலி ஆதலால் இறுதி ஒலியின் வேறுபாடும் மறைகிறது. இரண்டும் ‘செட்டு’ என்றே முடிகின்றன. மாடு கட்டும் செட்டும் நகை செட்டும் செவிக்கு ஒன்றே.

இம்மயக்கம் முழுமையாக வெளிப்படும் இடம் பம்புசெட்டு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரைச் சுற்றிய ஊர்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் விளைவிப்பவை. இங்கு ‘பம்புசெட்டு ஓடுது’ என்றால் மோட்டாரும் பம்பும் சேர்ந்த இயந்திரம். ‘பம்புசெட்டைப் பூட்டிட்டு வா’ என்றால் அது நிற்கும் அறை. ‘பம்புசெட்டுல குளிச்சான்’ என்றால் நீர் விழும் தொட்டி. ‘அப்பா பம்புசெட்டுல இருக்காரு’ என்றால் கிணற்றடி நிலம் முழுவதும்.

இவற்றை நான்கு பொருள்கள் எனக் கொள்ள அடிப்படை யாது? அகராதியியலார் சூழலைச் சுட்டுவர். தொல்காப்பியர் அச்சூழலை இன்னும் கூர்மையாகப் பகுத்துள்ளார். வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும். வினைவேறுபடாஅப் பலபொருள் ஒருசொல்லையோ விதந்து சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்பது விளங்கும். ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமா விலங்கா என்பது விளங்காது. ஓடுதல், பூட்டுதல், குளித்தல் ஆகிய வினைகள் பம்புசெட்டின் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. விற்றல், பங்கிடுதல், பழுதாதல் ஆகியன காட்டுவதில்லை. எத்தனை பொருள் என்று மட்டும் எண்ணும் பதிவு இவ்வேறுபாட்டைத் தவறவிடும். எந்த வினையோடு பொருள் பிரியும், எதனோடு பிரியாது என்பதையும் தருவதே தமிழ் அகராதிக்குப் பயன்படும் முறை என்பது என் கருத்து.

அறைப்பொருள் ‘ஷெட்’டிலிருந்து வந்ததா, இயந்திரத்தின் பெயர் அதன் இடத்திற்கு ஆகுபெயரானதா என்பது தனி வினா. ‘மைக்செட்டு’ இங்கே ஒப்புநோக்கத்தக்கது. மைக்செட்டு வைத்திருக்கும் இடத்தை ‘மைக்செட்டுக் கடை’ என்கிறோமேயன்றி வெறும் ‘மைக்செட்டு’ என்பதில்லை. இதனால் பம்புசெட்டின் அறைப்பொருளில் கொட்டகைச் சொல்லுக்குப் பங்குண்டு எனத் தோன்றும். ஆனால் மைக்செட்டு ஊர்தோறும் செல்வது. பம்பு ஓரிடத்தில் நிலையாக நிற்பது. ஆகுபெயருக்கு அந்நிலைபேறே போதுமானது என்று ஒருவர் மறுத்தால் அதனைத் தள்ள இயலாது. பேசுவோரோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பேசவில்லை. அவர்களுக்கு அது ஒரே சொல். சொற்பிறப்பை வைத்து அதனை இரண்டு தலைச்சொல்லாகப் பிரிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகவும் வழக்கிற்குப் பொய்யாகவும் அமையும். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் இறங்கிய பின் அறைக்குத் தேவை குறைந்துவிட்டது. ஆனாலும் அறையில்லாத அவ்விடத்தையும் பம்புசெட்டு என்றே சொல்கின்றனர்.

கலைச்சொல்லாக்கம் இச்சிக்கலைத் தொடுவதில்லை. கணிதத்தில் ‘செட்’டைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கணம் என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் தொடை என்கின்றன. தமிழ்நாட்டு மாணவருக்குத் தொடை என்பது எதுகை மோனை அல்லது உடலுறுப்பு. ஒரு பொருளைக் குறிக்கப் படைத்த சொல்லும் கடல் கடந்தால் பலபொருள் ஒருசொல் ஆகிவிடுகிறது. இவற்றுள் எதுவும் பம்புசெட்டுக்கு உதவாது. ‘இறைப்பித் தொகுதி’ என மொழிபெயர்த்தால் இயந்திரம் மட்டுமே நிற்கும். அறையும் தொட்டியும் நிலமும் விடுபடும்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சியாக நிற்பதில்லை. ‘கிணற்றிலும் பம்புசெட்டிலும் சரிபாதி’ என்று எழுதப்பட்டால், மோட்டார் பழுதாகி ஒருவர் புதியது வாங்கியதும் வழக்கிற்கு இடமுண்டாகிறது. பாதி என்றது பழைய இயந்திரத்திலா, அறையிலா, அறைச்சுவரில் உள்ள மின் இணைப்பிலா? தமிழ்நாட்டில் வேளாண் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுவதால் இயந்திரத்தைவிட இணைப்பே பெறுமதி மிக்கது. இதனை அறிந்த பத்திர எழுத்தர்கள் ‘பம்புசெட்டு’ என்பதோடு நிற்பதில்லை. கிணறு, இத்தனை குதிரைத்திறன் மின்மோட்டார், மோட்டார் கொட்டகை, மின் இணைப்பு எண், வாய்க்கால் பாத்தியம் என ஒவ்வொன்றையும் விதந்து எழுதுகிறார்கள்.