வாளை மறுக்கும் வீரன்: ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா’ விளையாட்டில் தற்கட்டுப்பாட்டு விதிகள்

ஆய்வுச் சுருக்கம்

நிண்டெண்டோ நிறுவனம் 1986இல் ஜப்பானில் வெளியிட்ட ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா’ சாகச வகைக் காணொளி விளையாட்டுகளின் செவ்வியல் படைப்பாகக் கருதப்படுகிறது. பல முறை ஆடி முடித்தவர்கள் தமக்குத்தாமே சில தடைகளை விதித்துக்கொண்டு அதனை மீண்டும் ஆடும் வழக்கம் உள்ளது. இவ்வழக்கத்தைத் திறமைக் காட்சியாக மட்டும் காணாமல் படைப்பை வாசிக்கும் முறையாகக் கொள்ள இயலுமா, இயலுமெனில் எத்தகைய விதிகளுக்கு அத்தகுதி உண்டு என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, தற்கட்டுப்பாடு, விதி, மறுவாசிப்பு, திறனாய்வு முறை.

முன்னுரை

காணொளி விளையாட்டு குறித்த மதிப்புரைகள் பலவும் ஒருமுறை ஆடி முடித்த அனுபவத்திலிருந்து எழுதப்படுகின்றன. கதை, காட்சி, இசை ஆகியன அவற்றில் விரிவாகப் பேசப்படும். விதிகளின் அமைப்போ ‘கடினம்’, ‘எளிது’ என்னும் இரு சொற்களுள் அடங்கிவிடும். விளையாட்டை விளையாட்டாக்குவது விதியே எனில், இது செய்யுளின் பொருளைக் கூறி யாப்பை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே விளையாடுதல் என்பது பெர்னார்ட் சூட்ஸ் ‘தி கிராஸ்ஹாப்பர்’ (1978) நூலில் முன்வைத்த கருத்து. தற்கட்டுப்பாட்டுடன் ஆடுபவர் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறார். படைப்பாளர் வைத்த தடைகளின்மேல் தாமும் ஒன்றை வைக்கிறார். அவ்வாறு வைக்கும்போது படைப்பின் எந்த உறுப்பு இன்றியமையாதது, எது வழக்கத்தால் மட்டும் இன்றியமையாததாகத் தோன்றியது என்னும் வினா எழுகிறது. திறனாய்வுக்குப் பயன்படுவது இவ்வினாவே.

வாள் துறப்பு

ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகியோர் இயக்கிய இவ்விளையாட்டின் மேற்பரப்பு உலகம் அகலத்தில் 16, உயரத்தில் 8 என 128 திரைகளால் ஆனது. அதனுள் 9 நிலவறைகள் உள்ளன. லிங்க் என்னும் சிறுவன் ஆயுதம் ஏதுமின்றி முதல் திரையில் நிற்கிறான். அருகிலுள்ள குகையில் முதியவர் ஒருவர் தனியே செல்வதன் ஆபத்தை எச்சரித்து, மரவாள் ஒன்றை எடுத்துச்செல்லச் சொல்கிறார். இது கட்டளையன்று, அறிவுரை. குகைக்குள் நுழையாமலேயே திரையை விட்டு வெளியேறலாம். நிரல் அதனைத் தடுப்பதில்லை. வாள் துறப்பு விதி இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

வாளின்றி ஆடத் தொடங்கியதும் பொருள்களின் மதிப்பு மாறிவிடுகிறது. வழக்கமான ஆட்டத்தில் ‘ரூபி’ எனப்படும் நாணயம் கடைகளில் செலவழிப்பதற்கானது. இங்கு அதுவே படைக்கலம் ஆகிறது. வில்லை எய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு ரூபி குறையும். கையிருப்பு 255ஐத் தாண்டாது. நீல மெழுகுவர்த்தியின் தீயை ஒரு திரையில் ஒருமுறைதான் பயன்படுத்த இயலும். வெடிகுண்டுகளுள் முதலில் 8 மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு மோதலும் செலவுக் கணக்காகிறது. எதிரியைக் கொல்வதா, விலகிச் செல்வதா என்று வாளுடன் ஆடியபோது எழாத கேள்வி ஒவ்வொரு அறையிலும் எழுகிறது. கோமா என்னும் நண்டுருவ எதிரியை அம்பு ஒன்றே கொல்லும் என்பதும் புதிய பொருள் பெறுகிறது. வாள் போதாத இடங்களைப் படைப்பு முன்பே வைத்திருந்தது. வாள் கையில் இருந்தவரை அவை விதிவிலக்குகளாகவே தோன்றின.

ஆயினும் இத்துறவுக்கு எல்லை உண்டு. எட்டு நிலவறைகளின் டிரைஃபோர்ஸ் துண்டுகளைத் திரட்டி, ஒன்பதாம் நிலவறையில் கேனனை எதிர்கொள்ளும்போது வாளின் வெட்டன்றி வேறெதுவும் அவனைத் தளர்த்துவதில்லை. இறுதி அடியை வெள்ளி அம்பு தருமெனினும் அதற்கு முன்பு வாள் வேண்டும். ஆகவே வாள் துறந்தவர் இறுதியில் ஒரு வாளைத் தேடியாக வேண்டும். இது தோல்வியன்று, கண்டறிதல். முதற்குகையில் அறிவுரையாகத் தோன்றியது உண்மையில் ஒத்திவைக்கப்பட்ட கட்டளை என்பதை ஆட்டத்தின் கடைசி அறைகளுள் ஒன்று தெரிவிக்கிறது. வாளை முதலிலேயே எடுத்துக்கொண்டவருக்கு இது ஒருபோதும் புலப்படாது.

மூன்று இதயங்கள்

இரண்டாவது விதி, தொடக்கத்தில் உள்ள 3 இதயங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்பது. முழு எண்ணிக்கை 16. அவற்றுள் 13 இதயக் கலங்களை லிங்க் பயணத்தில் பெறுகிறான். சில குகைகளில் இதயக் கலம், சிவப்பு மருந்து ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு படைப்பே கேட்கிறது. மறுப்பதற்கான வழி ஆட்டத்துள்ளேயே திறந்திருக்கிறது.

இம்மறுப்பு உயிர்வலிமையோடு நின்றுவிடுவதில்லை. வெள்ளை வாளைப் பெற 5 இதயங்களும் மந்திர வாளைப் பெற 12 இதயங்களும் வேண்டும். ஆகவே இதயத்தை மறுத்தவருக்கு இவ்விரு வாள்களும் தாமே விலகிவிடுகின்றன. மரவாளே இறுதிவரை துணை. ஒரு விதியை வைத்தவருக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. இப்படைப்பில் இதயம் காயத்தைத் தாங்கும் அளவு மட்டுமன்று, படைக்கலம் ஏந்தும் தகுதியை அளக்கும் சான்றும் ஆகும் என்பது இதனால் விளங்குகிறது.

விதியை வரைவதில் உள்ள சிக்கலும் இங்கேயே வெளிப்படுகிறது. 250 ரூபிக்குக் கிடைக்கும் நீல மோதிரம் ஏற்கும் காயத்தைப் பாதியாக்கும். மோதிரம் அணிந்த 3 இதயங்கள் அணியாத 6 இதயங்களுக்கு நிகர். சொல்லளவில் விதி காக்கப்படினும் அதன் நோக்கம் காக்கப்பட்டதா? எனவே மோதிரத்தை விலக்குவதா என்பது விதியின் சொல்லுக்கும் கருத்துக்கும் இடையிலான உரைகாரர் சிக்கலாகிறது.

மீறலா, நுண்ணிய கீழ்ப்படிதலா?

படைப்பு எதிர்பார்க்கும் ஆட்டக்காரர் ஒருவர் அதன் அமைப்பிலேயே உள்ளார் என்றும், எதிர்பாராதவாறு ஆடுவது அக்கட்டமைப்பின் ஆதிக்கத்துக்கு எதிரான குறியீட்டுச் செயல் என்றும் எஸ்பென் ஆர்செத் 2007இல் எழுதினார். நிரலின் பிழைகளைப் பயன்படுத்தும் ஆட்டத்துக்கு இக்கருத்து பொருந்தலாம். வாள் துறப்புக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. இங்கு எவ்விதியும் மீறப்படவில்லை. மாறாக, விதிகளை அவற்றின் கடைசி விளிம்புவரை நம்பிச் சென்று, அவை எங்கே இடங்கொடுக்கின்றன, எங்கே மறுக்கின்றன எனச் சோதிக்கப்படுகிறது. இதனை எதிர்ப்பு என்பதைவிட நுண்ணிய கீழ்ப்படிதல் என்பதே தகும்.

தமிழ்ச் செய்யுள் மரபில் இதற்கு இணை உண்டு. உதடுகள் ஒட்டாத, குவியாத எழுத்துகளால் மட்டுமே பாடப்படும் நிரோட்டகத்தில், 17ஆம் நூற்றாண்டுச் சிவப்பிரகாசரின் ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’ புகழ்பெற்றது. அங்கும் புலவர் இலக்கணத்தை மீறுவதில்லை. அதன்மேல் ஒன்றைக் கூட்டுகிறார். ஆனால் ஒரு வேறுபாடு முதன்மையானது. நிரோட்டகத்தின் நோன்பு பாடலிலேயே தெரியும். வாசிப்பவர் தம் உதடுகளாலேயே அதனைச் சரிபார்க்கலாம். செல்டாவோ எத்தனை முறை லிங்க் இறந்தான் என்பதை ஆட்டக்காரரின் பெயருக்குக் கீழே குறித்துவைக்கும். விதி காக்கப்பட்டதா என்பதைக் குறிக்காது. 2018இல் தொடங்கிய நிண்டெண்டோவின் இணையச் சேவையில் ஆடுவோர், ஆட்டத்தை நினைத்த இடத்தில் சேமிக்கவும் பின்னோக்கி நகர்த்தவும் இயலும் என்பதால், அவ்வசதிகளைத் துறப்பதையும் தம் விதியில் சேர்க்க வேண்டியுள்ளது. ஆகவே இவ்வாசிப்பு சான்றாக ஏற்கப்பட வேண்டுமெனில் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஆட்டம் முழுமையாகப் பதிவுசெய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

முடிவுரை

எல்லாத் தற்கட்டுப்பாடுகளும் திறனாய்வாகிவிடுவதில்லை. ஒருமுறையும் இறவாமல் முடித்தல் என்னும் விதி கவனத்தைக் கூர்மையாக்கும்; ஆனால் படைப்பின் உறுப்புகளிடையே உள்ள உறவு எதனையும் மாற்றாது. அது கடினத்தை மட்டும் கூட்டும். வாள் துறப்பும் இதய மறுப்பும் வேறு வகையின. அவை ஓர் உறுப்பை நீக்கி, எஞ்சியவை ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதைக் காட்டுகின்றன. படைப்பு தானே திறந்துவைத்த வாயிலில் நுழைவதும், நுழைந்தபின் பிற உறுப்புகளின் பொருளை மாற்றுவதும் ஒரு விதிக்குத் திறனாய்வுத் தகுதி தரும் இரு அளவுகோல்கள் எனக் கொள்ளலாம்.

காணொளி விளையாட்டு ஆய்வைப் பாடத்திட்டத்துள் கொணர முயலும் துறைகள், ஆட்டத்தை விவரிக்கும் பயிற்சியோடு நில்லாது இத்தகைய விதிகளை வகுத்து ஆடிப் பதிவுசெய்யும் பயிற்சியையும் சேர்த்தல் நலம். யாப்பை அறிய வெண்பா இயற்றிப் பார்ப்பது போல, விதியை அறிய விதி வகுத்துப் பார்த்தல் வேண்டும்.