குஞ்சோடு சேர்ந்து வளர்கிற கூடு

ஒரு கோழிக்கூட்டைப் பார்க்கப் போனால், அது எந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பலகையும் ஆணியும் வலையும் அப்புறம். தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் காற்று மேற்கேயிருந்துதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி இறங்குகிற அந்தக் காற்றை நம்பியே சுரண்டைப் பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் விழத் தொடங்குகிற அதே நாட்களில் மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை எங்கும் சாரல். சாதாரண மழை மாதிரி அது மேலேயிருந்து விழுவதில்லை. காற்றில் சாய்ந்து பக்கவாட்டில் வந்து, காயப்போட்ட வேட்டியையும் அடுக்கிய விறகையும் ஒரே மாதிரி நமுக்க வைக்கிற பொடித்தூறல். கூரையை மட்டும் நம்பிக் கட்டிய கூடு இதற்குத் தாங்காது. நமக்கு இதமாக இருக்கிற அந்தக் குளிர்ச்சி பத்து நாள் குஞ்சின் உயிரை எடுத்துவிடும்.

இலஞ்சியில் ஒரு வீட்டுப் புறவாசலில் நான் அடிக்கடி போய் நின்று பார்க்கிற கூடு ஒன்று உண்டு. எட்டடி நீளம், நாலடி அகலம். நீளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்குச் சுவர் முழு அடைப்பு. பிரானூர்ப் பக்கத்து மர அறுவை மில்லில் கழித்துப் போட்ட பட்டைப் பலகைகளை, ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறும்படி, மேலிருந்து கீழாக இறக்கி அறைந்திருக்கிறார்கள். சாரல் பட்டால் வழிந்து ஓடிவிடும், உள்ளே புக இடுக்குக் கிடைக்காது. வடக்கிலும் தெற்கிலும் ஒன்றரை அடிக்குப் பலகை, அதற்குமேல் கூரைவரை வலை. கூரையின் இறவாணம் ஒரு கை நீளத்துக்கு வெளியே இறங்கியிருக்கிறது.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கவேண்டும் என்று கோழி வளர்ப்புக் கையேடுகள் சொல்லும். வெயில் நேராக உள்ளே விழக்கூடாது என்பதற்காகச் சொன்னது அது. நாமக்கல்லுக்கு அந்தக் காரணமே போதும். தென்காசியில் அதே விதி இன்னொரு வேலையும் செய்கிறது. சாரல் வரும் திசைக்குக் கூட்டின் குறுகிய முகம்தான் அகப்படுகிறது. நாலடியை அடைத்தால் போதும், எட்டடி இரண்டு பக்கமும் காற்றுக்குத் திறந்தே கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும்போது கிழக்கே சாக்குப் படுதா இறக்கவேண்டியதும் அதே நாலடிக்குத்தான். இரண்டு பருவமழையும் தொடுகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் கூடு கட்டிவிட்டுக் குஞ்சு வாங்கவில்லை. குஞ்சு வந்த அன்று அங்கே நின்றது நாலு கல்தூண் மட்டும். மிச்சமெல்லாம் குஞ்சுகள் வளர வளர எழும்பியது. முடித்து வைத்த கூட்டில் குஞ்சைக் கொண்டுவந்து விடுவதைவிட இதுதான் மேலான முறை என்பது, எத்தனையோ புறவாசல்களைப் பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம். முன்கூட்டியே கட்டுகிறவர் தன் கண்ணளவுக்குக் கட்டுகிறார். குஞ்சை வைத்துக்கொண்டு கட்டுகிறவருக்கு எதை, எப்போது, எந்த உயரத்தில் வைக்கவேண்டும் என்று குஞ்சே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முதல் வாரத்தில் கூடு என்பது ஒரு வட்டம், அவ்வளவுதான். தாய்க்கோழி இருந்தால் அதன் இறக்கையே வட்டம். 21 நாள் அவயத்தில் இருக்கிற கோழிக்கு வயிற்றடியில் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தெரியும். முட்டைக்கும் பிறகு குஞ்சுக்கும் சூடு நேராகப் போய்ச்சேர உடம்பு தானே செய்துகொள்கிற ஏற்பாடு அது. பொரிப்பகக் குஞ்சு என்றால் பல்புதான் தாய். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரிபோலக் குறைத்துக்கொண்டு வருவார்கள். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்கு அட்டையோ தகரமோ வளைத்துக் கட்டுவார்கள். சதுரம் ஆகாது. குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையைத் தேடிப்போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் சிக்கினது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வட்டத்தில் ஒதுங்க மூலையே கிடையாது. ஒரு சாவைத் தடுப்பதற்காக மட்டும் பிறந்த வடிவம். பார்க்கும்போதெல்லாம் அதன் எளிமை எனக்கு வியப்பாகவே இருக்கிறது. உள்ளே விரிப்பதிலும் யோசனை உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் வெறும் மரத்தூள் கூடாது, எது தீனி எது தூள் என்று குஞ்சுக்குத் தெரியாமல் கொத்தித் தின்றுவிடும். வழவழப்பான காகிதத்தில் விட்டாலோ கால் சறுக்கி அகன்றுபோகும். கொஞ்சம் சொரசொரப்பான எதுவும் நல்லது.

வெப்பமானி தொங்கவிடுகிறவர்கள் உண்டு. தேர்ந்தவர்கள் குஞ்சைத்தான் பார்ப்பார்கள். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் சூடு போதாது. ஓரத்துக்கு ஒதுங்கி, வாயைப் பிளந்து, இறக்கையைத் தளர்த்தினால் அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக மட்டும் ஒதுங்கினால் எங்கோ ஓர் இடுக்கில் காற்று புகுகிறது. இந்தக் கடைசிக் குறிதான் இந்த ஊரில் முக்கியம். இலஞ்சிக் கூட்டில் முதலில் எழுந்தது மேற்குச் சுவர். குஞ்சுகள் கிழக்கோரமே கிடந்து உறங்கியதைப் பார்த்து எழுப்பியது. அந்தப் பலகை வேலையை நான் மெச்சிக்கொண்டிருந்தபோது வீட்டு ஆச்சி, “கூட்ட என்னய்யா பாக்கிய? குஞ்சப் பாருங்க. அது பரவலாக் கெடந்து ஒறங்குனா கூடு நல்லாருக்குன்னு அர்த்தம்” என்றார். எகிப்தில் மண்கல்லால் கட்டிய பழைய பொரிப்பகங்களில், வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்கள். ஆச்சி அவர்களோடு உட்கார்ந்து பேசக்கூடியவர்.

அடுத்த கட்டம் பஞ்சாரம். இந்தக் கைவேலைமீது எனக்குத் தனிப் பிரியம். அடியில்லாத, கவிழ்த்து வைக்கிற கூடை. மூங்கில் சிம்பிலோ புளியமிளாரிலோ பின்னுவார்கள். உச்சியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய். நல்ல பஞ்சாரத்தைத் தரையில் வைத்து ஓர் ஓரத்தை அழுத்திப் பார்த்தால் மறு ஓரம் எழும்பாது, அடிவளையம் முழுக்கத் தரையோடு பொருந்தி உட்கார்ந்திருக்கும். பின்னலின் கண் அடியில் நெருக்கமாகவும் மேலே போகப்போக விரிந்தும் இருப்பது சிறப்பு. கீழே குஞ்சு வெளியேறக்கூடாது, மேலே காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். சிம்பின் முனைகள் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கைதேராத வேலை என்று வைத்துவிடலாம், அது கண்ணைக் குத்தும். தாயை உள்ளே அடைத்துக் குஞ்சுகளைச் சுற்றி மேயவிடுகிறவர்கள் கண் அகலமாகப் பின்னிய பஞ்சாரத்தைக் கேட்டு வாங்குவார்கள். தாயின் குரல் எட்டுகிற தூரத்தைத் தாண்டிக் குஞ்சு போகாது, காகம் வந்தால் கூடைக்குள் ஓடிவிடும். பகலில் வெயில் விழுகிற இடத்துக்கு நகர்த்திக்கொண்டே போகலாம், சாரல் வந்தால் ஒரு கையால் தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாம். பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறவை இலேசானவை, ஆடிக்காற்றில் உருண்டு போய்விடும். மூங்கில் தன் எடையிலேயே நிற்கும்.

பஞ்சாரத்துக் குஞ்சுக்குக் குருணையும் உடைத்த கம்பும் தீனி. கூடவே கறையான். ஒரு பானையில் வைக்கோலும் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் ஏறியிருக்கும். காலையில் பானையைத் தட்டும்போது குஞ்சுகள் ஓடிவருகிற வேகம் பார்க்கவேண்டியது.

மூன்று நாலு வாரம் ஆனதும் குஞ்சு எதன்மேலாவது ஏறி நிற்கப் பார்க்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் ஏறும், செங்கல்லில் ஏறும், தாயின் முதுகிலும் ஏறும். கழி கட்டவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை அதுவே சொல்கிறது. வீட்டுக்கோழியின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி, இரவில் மரத்தில் அடைகிற பறவை. ஆனால் நம் கோழிக்கு இந்த மலையிலும் ஒரு சொந்தம் உண்டு. குற்றாலத்துக்கு மேலே காட்டில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவுக்கே உரியது, முக்கியமாகத் தென்னாட்டுப் பறவை. கோழிக்கு மஞ்சள் காலைத் தருகிற மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். அதைப் படித்த நாள்முதல் முற்றத்துக் கோழியின் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செண்பகாதேவி அருவிப் பாதையின் காடு நினைவுக்கு வருகிறது.

கழி விஷயத்தில் நான் கறாரானவன். ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் தடிமன் வேண்டும், விளிம்பு உருண்டிருக்க வேண்டும். கோழி காலை மடக்கி உட்கார்ந்தால் காலின் தசைநாண் இழுபட்டு விரல்கள் தாமாகவே கழியைக் கவ்வும். மெல்லிய கம்பியில் அந்தப் பிடிக்கு இடமில்லை. இலஞ்சிக் கூட்டில் பட்டை உரித்த வேப்பங்கழி. பட்டையோடு விட்டால் அதன் அடியில் செள்ளு குடியேறி, பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். முதலில் அரை அடி உயரத்தில் கட்டினார்கள், குஞ்சுகள் பழகப் பழக மேலே ஏற்றினார்கள். பலகைச் சுவரில் அந்தப் பழைய ஆணித் துளைகள் வரிசையாக இன்னும் இருக்கின்றன. அவற்றை மூடிவிடாததில் எனக்கு மகிழ்ச்சி.

கூட்டின் உள்வேலையை நான் மூக்கால் மதிப்பிடுவேன். நின்றுகொண்டு அல்ல, குனிந்து, குஞ்சின் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோய். நமக்கு எட்டாத அம்மோனியா நெடி அங்கே கண்ணைக் கரிக்கும். எச்சம் காய்ந்து கிடந்தால் நெடி இல்லை, நனைந்தால்தான் கிளம்பும். சாரல் மாதங்களில் தரை ஈரமே பெரிய எதிரி. இரத்தக்கழிச்சலைக் கொண்டுவருகிற நுண்ணுயிர் ஈரமும் கதகதப்பும் உள்ள படுக்கையில்தான் முற்றி வீரியம் பெறும். உமியையும் தேங்காய் நார்க்கழிவையும் கலந்து போட்டு, நாள்தோறும் கிளறிவிட்டு, கட்டிதட்டியதை அள்ளி எறிந்து, சுண்ணாம்புத் தூள் தூவுகிற கூட்டில் மண்வாசனை மட்டும் இருக்கும். கூரைக்கடியில் அரை அடி திறப்பு விட்டிருப்பார்கள், இளஞ்சூடான கெட்ட காற்று மேலேறி அதன் வழியே போகும். குளிருக்குப் பயந்து அந்தத் திறப்பையும் சாக்கு வைத்து அடைப்பவர்கள் குஞ்சுக்கு நல்லது செய்வதாக எண்ணிக் கெடுதல் செய்கிறார்கள்.

தரையை விட்டுக் கூட்டை உயர்த்துவது இங்கே அவசியம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டைப் பக்கமும் புளியரைப் பக்கமும் கால் வைத்த மரக்கூடுகளைப் பார்க்கலாம். கிழக்கே போகப்போகப் பழைய ஓட்டு வீடுகளில் திண்ணைக்கடியில் மண்ணால் கட்டிய குடாப்பு. சின்ன வாசல், அதற்கு ஒரு பலகை, பலகைக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல். இருட்டும் பாதுகாப்பும் உள்ள அருமையான இடம். ஆனால் காற்றில்லை, கை உள்ளே போய்ச் சுத்தம் செய்ய வழியில்லை. அழகில் குடாப்புக்கு நிகர் இல்லை என்பேன், குஞ்சு வளர்க்க அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கீரி, மரநாய், பெருச்சாளி, சாரைப்பாம்பு எல்லாம் இந்த ஊரில் உண்டு. அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியே இருப்பதைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலைதான் சரி. வலை தரையைத் தொடுகிற கூடானால் ஓரடி வெளியே மடித்துப் புதைக்கவேண்டும், தோண்டுகிற பிராணி சுவரோரம்தான் தோண்டும். ஒரு விஷயம் மட்டும் எந்தக் கூட்டாலும் தடுக்க முடியாதது, வெள்ளைக்கழிச்சல். 1920-களின் பிற்பகுதியில் இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்தில் அடையாளம் கண்டதால் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பலகை இழைப்பதில் பயனில்லை.

கடைசியாக வருவது முட்டைப் பெட்டி. பெட்டைகள் ஐந்தாறு மாதம் ஆகி, இருட்டு மூலை தேடிக் காலால் பறிக்கத் தொடங்கிய பிறகு, அவை எந்த மூலையைப் பறித்தனவோ அங்கே பெட்டியை வைத்தார்கள். ஓரடிக்கு ஓரடி, நாலைந்து கோழிக்கு ஒன்று. மேற்பலகை சாய்வு, ஏறி உறங்க முடியாது. முன்னால் நாலு அங்குலக் கட்டை, வைக்கோல் வெளியே சரியாது. பின்பக்கம் ஒரு மூடி, கூட்டுக்குள் போகாமலே முட்டை எடுக்கலாம். இப்போது அதில் ஒரு கோழி அவயத்தில் இருக்கிறது. மணல்மேல் வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படையாகப் பதினோரு முட்டை வைத்து, இடிக்கு ஆகாது என்று ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் செருகியிருக்கிறார் ஆச்சி. ஆவணியில் பொரிக்கும். கூட்டைக் கிழக்கே நாலடி நீட்டுவதற்கு இரண்டு கல்தூண் வந்து இறங்கிக் கிடக்கிறது.