துளியும் கடலும்: இக்பாலின் தன்னிலைக் கோட்பாடு பற்றிய ஒரு நோக்கு

இந்தியாவிற் பாடசாலைச் சிறுவர் இன்றும் பாடும் தேசபக்திப் பாடலொன்றை 1904இல் இயற்றிய முகம்மது இக்பால், பாக்கிஸ்தானின் தேசியக் கவிஞராகவும் போற்றப்படுகிறார். 1910இல் அவர் அதே யாப்பில் மற்றொரு பாடலை இயற்றினார். முதற் பாடல் இந்துஸ்தானத்தை எமது நாடென்று கொண்டாட, இரண்டாவது பாடல் உலகம் முழுவதையுமே முஸ்லிம்களின் தாயகமாகக் கண்டது. 1938 ஏப்பிரல் 21இல் லாகூரில் அவர் காலமானபோது, நாடு பிரிவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. எனவே, தமக்குரிய இக்பாலை இரு நாடுகளும் அவர் இறந்த பின்னரே தெரிந்தெடுத்துக் கொண்டன எனலாம்.

விமர்சகர்களும் இவ்வாறு கூறுபோடும் போக்கிற்கு விலக்கானவர்களல்லர். வில்பிரட் கான்ற்வெல் ஸ்மித் 1943இல் வெளியிட்ட நவீன இந்திய இஸ்லாம் பற்றிய நூலில், முற்போக்காளரான இக்பாலுக்கு ஓர் அத்தியாயத்தையும் பிற்போக்காளரான இக்பாலுக்கு மற்றோர் அத்தியாயத்தையும் ஒதுக்கினார். இப்பாகுபாடு வசதியானது, முற்றிலும் தவறானதென்றும் கூறுவதற்கில்லை. ஆயினும், ஒரே மனிதரிடத்தில் இவ்விரண்டும் எவ்வாறு கூடி வாழ்ந்தன என்னும் வினாவிற்கு இரு அத்தியாயங்கள் விடையாகிவிடமாட்டா. அவ்விடையை அவருடைய சிந்தனையின் மையமான ஒரு சொல்லிலிருந்தே தேடவேண்டும் என்பது எமது கருத்து.

அச்சொல் ‘குதீ’ என்பதாகும். பாரசீகத்திலும் உருதுவிலும் நெடுங்காலமாகச் செருக்கு, தன்னலம், அகந்தை என்னும் இழிபொருள்களிலேயே அது வழங்கிற்று. சூபிக் கவிஞர்களுக்கோ அது களையப்பட வேண்டிய களை. அதே சொல்லையே இக்பால் மனிதனின் மிக உயர்ந்த உடைமைக்குப் பெயராகச் சூட்டினார். செருக்கு என்னும் பொருளில் தாம் அதனைக் கையாளவில்லை என்று விளக்கமளிக்கும் தேவையும் அவருக்கு ஏற்பட்டது. தமிழில் இச்சொல்லைப் பெயர்க்க முயல்வோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஈண்டு நோக்கத்தக்கது. எமது மொழியில் ‘நான்’ என்பது ஆணவத்தின் நிழல் படாத சொல்லன்று. சைவ சித்தாந்தம் அதனை மலமென்றது. முஸ்லிம் தமிழ்ப் புலவர்களான பீர் முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் ‘நான்’ அழிந்த நிலையையே பாடினர். அம்மரபில் ஊறிய தமிழ் வாசகன் இக்பாலிடம் வரும்போது, தனக்குப் பழக்கமான ஏணியைத் தலைகீழாக நிறுத்தியவரைக் காண்கிறான். ‘தன்னிலை’ என்று நாம் இங்கு வழங்குவதும் ஓர் ஏற்பாடேயன்றி நிறைவான மொழிபெயர்ப்பன்று.

இத்தன்னிலைக் கோட்பாட்டின் முதல் அறிக்கையாக 1915இல் பாரசீக மொழியில் ‘அஸ்ராரெ குதீ’ வெளிவந்தது. அப்போது இக்பாலுக்கு வயது முப்பத்தெட்டை எட்டவில்லை. கேம்பிறிட்ஜிலும் மியூனிக்கிலும் மெய்யியல் கற்று, பாரசீகத்தின் மெய்ப்பொருளியல் வளர்ச்சி பற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டமும் பெற்று, 1908இல் நாடு திரும்பியிருந்தார். ரூமியின் ‘மஸ்னவி’ யாப்பில் அமைந்த இந்நூலில் ஒரு கதை உண்டு. புலிகளின் கொடுமைக்கு ஆற்றாத ஆட்டுக் கூட்டத்தில் தந்திரம் வல்ல ஆடொன்று தன்னைத் தீர்க்கதரிசியென அறிவித்து, தன்னை மறுத்தலே பேறு என்றும் புல்லுண்பதே புண்ணியம் என்றும் புலிகளுக்குப் போதிக்கிறது. போதனையில் மயங்கிய புலிகள் பல்லும் வீரமும் இழக்கின்றன. அவ்வீழ்ச்சிக்கு அவையே பண்பாடு என்று பெயரிட்டுக் கொள்கின்றன. இக்கதையை அடுத்துப் பிளேட்டோ கடுமையாகக் கண்டிக்கப்படுகிறார். முதற் பதிப்பில் கவிஞர் ஹாபிஸ் மீதும் அவ்வாறான தாக்குதல் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே அடுத்த பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது.

இதனை நீட்சேயின் எதிரொலியென ஒதுக்குவது எளிது. நீட்சேயின் வாடை இதில் வீசுகின்றது என்பதும் உண்மையே. எனினும் ஆட்டின் போதனையை யார், எக்காலத்தில் கேட்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. 1857இன் தோல்விக்குப் பின் ஆட்சியும் தன்னம்பிக்கையும் இழந்திருந்த சமூகமொன்றிற்கே இக்பால் பேசினார். உலகம் மாயை, தனியுயிர் வெறுந் தோற்றம், மூலத்திற் கரைவதே முத்தி என்னும் தத்துவம், அடிமைப்பட்டவனின் காதில் அடிமைத்தனத்திற்கான நியாயமாகவே ஒலிக்கும் என்பதை அவர் கண்டார். அவருடைய மெய்யியல் எதிர்ப்பின் அடியில் அந்நிய ஆட்சி பற்றிய உணர்வு உறைந்திருக்கிறது. நீட்சேயிடம் இல்லாத இறைவன் இங்கு இருக்கிறான் என்பதும், கட்டுப்பாடு, தன்னடக்கம், இறைவனின் பிரதிநிதியாதல் என்னும் படிகளினூடாகவே தன்னிலை வளர்கின்றது என்பதும் வேறுபாட்டைத் தெளிவாக்கும்.

தன்னிலை பற்றிய சிந்தனைக்கு இக்பால் மீண்டும் மீண்டும் கையாளும் உருவகம் துளியாகும். ‘அஸ்ராரெ குதீ’யில், தன்னைக் காத்துக் கொள்ளும் நீர்த்துளி முத்தாகின்றது. கடலிற் கலந்து கரையும் துளி என்ற சூபி மரபின் பழம்படிமத்திற்கு இது நேரடியான மறுப்பு. ஆனால் 1918இல் வெளிவந்த ‘ருமூஸெ பேகுதீ’யில் அதே துளி மற்றொரு பயணத்தை மேற்கொள்கின்றது. இங்கே தனிமனிதன் சமூகத்திற் கலக்கும்போது, விரிவை நாடிய துளிபோலக் கடலாகிறான். இறைவனிடத்திற் கரைய மறுத்த துளி சமூகத்திற் கரையச் சம்மதித்துவிட்டது! இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்று இக்பால் ஆய்வாளர்கள் வழமையாகக் கூறுவர். தன்னிலையை வளர்த்தவனே சமூகத்திற்குப் பயன்படுவான் என்ற விளக்கமும் தரப்படும். இவ்விளக்கம் எமக்கு நிறைவளிக்கவில்லை. இரண்டாம் நூலில், வீழ்ச்சிக் காலத்தில் சுயமான சமயச் சிந்தனையிலும் முன்னோர் வழியைப் பின்பற்றுதலே மேலானது என அறிவுறுத்தும் பகுதியொன்று உண்டு. புலியாக எழச் சொன்ன குரல் மந்தையைவிட்டு விலகாதே என்றும் சொல்கின்றது. கவிதை என்ற வகையிலும் இந்நூல் முன்னதைவிடத் தளர்ந்தது. அறிவுரை மிகுந்து, எதிர்வாதம் செய்வார் எவருமின்றி நடக்கின்றது.

இம்முரணை இக்பால் உணர்ந்தே இருந்தார் என்பதற்கு அவருடைய உரைநடை சான்று. சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பையேற்று ஆங்கிலத்தில் அவர் ஆயத்தஞ் செய்த விரிவுரைகள், 1929ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சென்னையிலும் பின்னர் ஹைதராபாத்திலும் அலிகாரிலும் நிகழ்த்தப்பட்டு, 1930இல் நூலுருப் பெற்றன. இஸ்லாமிய சமயச் சிந்தனையைப் புனரமைக்கும் அவ்வுரைகளுக்கான அழைப்பு தமிழ் வழங்கும் நகரொன்றிலிருந்து சென்றது என்பதை எம்மவரிற் பலர் அறியார். அவற்றில் அவர் பேர்க்சனோடும் ஐன்ஸ்டைனோடும் வாதிடுகிறார். எமக்கு இங்கு முக்கியமானது, ‘இஜ்திஹாத்’ எனப்படும் சுயமான சட்டச் சிந்தனை பற்றிய ஆறாவது உரை. பழமையின் மீதான பொய்யான மதிப்பு ஒரு சமுதாயத்தின் சிதைவுக்கு மருந்தாகாது என்றும், அளவு மீறி ஒழுங்கமைக்கப்பட்ட சமுதாயத்திலே தனிமனிதன் நசுங்கிப் போகிறான் என்றும் அவர் அதிற் கூறுகிறார். பன்னிரண்டாண்டுகளுக்கு முன் தாமே கவிதையிற் கூறியதற்குத் தாமே அளித்த மறுப்பு இது. நான்காவது உரையிலே துளி மீண்டும் வருகின்றது. 922இல் பக்தாதிற் கொலையுண்ட ஹல்லாஜின் ‘நானே உண்மை’ என்னும் கூற்று, துளி கடலில் நழுவி வீழ்ந்ததைக் குறிப்பதன்று. மனிதத் தன்னிலையின் மெய்ம்மையையும் நிலைபேற்றையும் துணிந்து அறிவித்ததே என அவர் விளக்குகிறார்.

அதே 1930ஆம் ஆண்டு டிசெம்பர் 29இல் அலகாபாத்தில் நிகழ்ந்த முஸ்லிம் லீக் மாநாட்டுத் தலைமையுரையில், வடமேற்கு இந்தியாவின் முஸ்லிம் பகுதிகளை ஒருங்கிணைத்த ஓர் அரசு பற்றி அவர் பேசினார். இதுபற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. எமது நோக்கிற் குறிப்பிட வேண்டியது ஒன்றே: ஆறாவது உரையிலே தனிமனிதனுக்குத் திறந்த கதவை, அலகாபாத் உரை நிலப்பரப்பொன்றின் எல்லைக்குள் வைத்துவிட்டது.

தத்துவவாதி இவ்வாறு ஒரு நூலிலிருந்து மற்றொன்றிற்கு ஊசலாடியபோது கவிஞர் என்ன செய்தார்? 1911இல் லாகூர்க் கூட்டமொன்றிற் பாடிக்காட்டிய ‘ஷிக்வா’ என்னும் முறையீட்டில், அடியான் ஆண்டவனிடமே கணக்குக் கேட்கிறான். உன் பெயரை உலகெங்கும் பரப்பியவர் நாம். உன் அருளோ பிறர் வீட்டிற் பொழிகின்றது என்று, உரிமையுள்ள நண்பனின் ஊடற் குரலில் வழக்காடுகிறான். ‘குதீ’ தத்துவம் எழுதப்படுவதற்கு நான்காண்டுகள் முன்னரே, தன்னிலை கொண்ட மனிதன் கவிதையிற் பிறந்துவிட்டான். 1913இல் வந்த ‘ஜவாபெ ஷிக்வா’வில் இறைவன் விடையிறுக்கிறான். விடை நியாயமானது, கேட்போர் திருந்தவேண்டிய குறைகளையே எடுத்துரைக்கின்றது. ஆயினும் வாசகன் நெஞ்சில் நிற்பது முறையீடேயன்றி மறுமொழியன்று. அப்துல் காதர் லெப்பை போன்ற ஈழத்துக் கவிஞர்களையும் தமிழாக்கத்திற்குத் தூண்டியது இந்த வழக்காடும் குரலின் கவர்ச்சியே என்று கருத இடமுண்டு.

1932இல் வெளியான ‘ஜாவீத் நாமா’ இன்னும் துணிகரமானது. ரூமியின் வழிகாட்டலிற் கோள்களினூடாகப் பயணம் செய்யும் கவிஞர், வியாழ மண்டலத்தில் சுவர்க்கத்தை ஏற்க மறுத்து நிலையாகச் சுற்றித் திரியும் ஆன்மாக்கள் மூன்றைச் சந்திக்கிறார். ஹல்லாஜ், காலிப் என்போரோடு அங்கு நிற்கும் மூன்றாமவர், 1852இல் ஈரானிற் கொல்லப்பட்ட பாபி இயக்கப் பெண் கவிஞரான தாஹிரா. இஸ்லாத்தின் எல்லையைத் தாண்டியவர் என்று வைதிகர் ஒதுக்கிய பெண்ணொருத்திக்கு இத்தகைய இடமளித்தவர், அதே நூலின் செவ்வாய் மண்டலத்திற் பெண் விடுதலை பேசும் ஒருத்தியைப் பொய்த் தீர்க்கதரிசியாக எள்ளுகிறார். 1936இல் வந்த ‘ஸர்பெ கலீம்’ நூலிலோ, பெண்ணினத்தின் துயர் தம்மையும் வருத்துவதாகவும் அம்முடிச்சை அவிழ்க்கத் தமக்கு வழியில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். மானிட குலத்திற்கெல்லாம் பொதுவெனக் கூறிய தன்னிலை பாதி மனிதரின் வாசலில் நின்றுவிட்டது. இது காலத்தின் குறை மட்டுமன்று. தாஹிராவைக் கற்பனை செய்ய முடிந்தவர் இதைக் கடந்திருக்கவும் முடியும். கடக்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

வியாழ மண்டலத்திலேயே இப்லீசும் தோன்றுகிறான். மனிதன் தனக்கு எளிதில் அடங்கிவிடுகிறான் என்பதே அவன் துயரம். தன்னை எதிர்த்து நிற்கவல்ல ஒரு மனிதனைத் தரும்படி இறைவனை அவன் வேண்டுகிறான். தன்னிலைக் கோட்பாடு முழுவதும் சாத்தானின் புலம்பலில் அடங்கிவிடுகின்றது. நீட்சேயும் நரகத்திற்கு அனுப்பப்படவில்லை. வழிகாட்டியற்ற ஹல்லாஜாக, மண்டலங்களுக்கு அப்பால், சுவர்க்கத்தின் இப்புறத்தில் நின்று சுழல்கிறார்.

துளிக்கும் கடலுக்குமிடையிலான வழக்கு, 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்பால் ஸ்பெயினுக்குச் சென்றபோது மீண்டும் எழுந்தது. எட்டாம் நூற்றாண்டிலே தொடங்கி இரு நூற்றாண்டுகளாக விரிக்கப்பட்டு, 1236இல் கிறித்தவ தேவாலயமாக மாற்றப்பட்ட கொர்தோவாப் பள்ளிவாசலினுள் அவர் தொழுதார். அங்கு பிறந்து 1935இல் ‘பாலெ ஜிப்ரீல்’ தொகுதியில் இடம்பெற்ற கவிதையே அவருடைய படைப்புகளின் சிகரம் என்போரோடு நாமும் உடன்படுகிறோம். இரவும் பகலும் கோத்த காலச் சங்கிலியோடு தொடங்கும் அது, கலைத்திறன் யாவும் அழிவனவே என்று முதற் பகுதியிலேயே தீர்ப்பளித்துவிடுகின்றது. பின்னர் அத்தீர்ப்பைத் தானே மறுக்கின்றது. காதலால் நிறைவெய்திய செயலுக்கு அழிவில்லை. கல்லாயினும் எழுத்தாயினும் இசையாயினும் கலையை உயிர்ப்பிப்பது இதயத்தின் இரத்தமே என்கின்றது. ‘ருமூஸெ பேகுதீ’யில் வெறும் அறிவுரையாக நின்ற இணைப்பு இங்கு ஒரு கட்டடமாக நிற்கின்றது. தூண் செதுக்கியவன் தன் தன்னிலையை இழக்கவில்லை. அதனைத் தூணில் வைத்துச் சென்றான். சமூகம் அவனை விழுங்கவில்லை. அவன் கைவேலையின் கீழ் ஒன்றுகூடிற்று.

ஆயினும் கவிதையை மீண்டும் படிக்கையில் ஒரு குறை உறுத்துகின்றது. அங்கே இறையடியானின் கை இறைவனின் கையாகப் புகழப்படுகின்றது. கல் சுமந்தவனின் கை காணப்படவில்லை. அப்பள்ளிவாசலை எழுப்பியோரில் மிகப் பெரும்பாலோரின் பெயரை வரலாறு அறியாது. 1922இன் ‘கிஸ்ரெ ராஹ்’ கவிதையில் மூலதனத்தையும் உழைப்பையும் எதிரெதிரே நிறுத்தியவரும், ‘பாலெ ஜிப்ரீல்’ தொகுதியிலேயே லெனினை இறைவன் முன் நிறுத்திப் பேசவைத்து, ஏழைகளை எழுப்புமாறு வானவர்க்கு இறைவனே ஆணையிடப் பாடியவரும் இதே இக்பால்தான். அந்த ஏழைகள் கொர்தோவாவின் தூண்களுக்கிடையில் வரவில்லை. கவிதையின் இறுதிப் பகுதியில் குவாதல்கிவீர் ஆற்றங்கரையிலே பொழுது சாய்கின்றது. உழவன் மகளொருத்தியின் எளிய பாட்டுக் கேட்கின்றது. கவிஞர் வேறொரு யுகத்தைப் பற்றிய கனவில் ஆழ்ந்திருக்கிறார்.