தலைக்கு எண்ணெய்: தண்டும் வேரும்

தலைக்கு எண்ணெய் வைப்பது தமிழ்நாட்டில் இரண்டு வழக்கங்களாக நிலவுகிறது. ஒன்று வாரக் குளியல். ஆண்கள் புதன், சனியிலும் பெண்கள் செவ்வாய், வெள்ளியிலும் நல்லெண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ போட்டுத் தலை முழுகுவார்கள். மற்றொன்று தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு அப்படியே வெளியே கிளம்புவது. முன்னதில் எண்ணெய் சில மணி நேரத்தில் தலையை விட்டுப் போய்விடுகிறது. பின்னதில் நாள் முழுதும், பல நாட்களும் தங்குகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எண்ணெயைப் போற்றுவதும் பயனில்லை, தூற்றுவதும் பயனில்லை.

தோலுக்கு மேலே வந்துவிட்ட முடி உயிரற்றது. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன தண்டின் மேல், கூரை ஓடுகள் போலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் தண்டு ஊதும், காய்ந்தால் சுருங்கும். இப்படி ஊதிச் சுருங்கும்போது செதில்கள் தூக்கிக்கொள்ள, ஈரத்தலையில் சீப்பு இழுக்கையில் அவை உடைந்து புரதம் கழிகிறது. எண்ணெயின் உண்மையான வேலை இங்கேதான். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகவே தண்டுக்குள் புகுந்து, தண்ணீர் அளவுமீறி ஏறாமல் தடுக்கிறது. ரேலே, மோஹிலே என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். ஆயினும் முடிவு வேதியியலோடு ஒத்துப்போகிறது.

இதிலிருந்து தெரிவது, குளிப்பதற்கு முன் வைக்கும் எண்ணெய் முடிக்குக் காப்பு என்பது. வாரக் குளியலின் வரிசை சரியானது. எண்ணெய்த் தேர்வு மட்டும் அவ்வளவு பொருத்தமில்லை. நல்லெண்ணெயில் லாரிக் அமிலம் இல்லாததால், முடியைப் பொறுத்தவரை அதன் பயன் பெரும்பாலும் மேற்பூச்சோடு நிற்கிறது. உடம்புக்கு அது தரும் சுகம் வேறு கணக்கு. சீயக்காயில் உள்ள சபோனின் எண்ணெயை மென்மையாக எடுக்கும். ஆனால் வழிய வழிய எண்ணெய் வைத்துவிட்டு, அதைப் போக்க இரண்டு மூன்று தடவை ஷாம்பு போடுகிறவர்கள் பெற்ற காப்பைத் தாங்களே கழுவிவிடுகிறார்கள்.

வேரின் கதை வேறு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை, மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வீதம் வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து, பிறகு உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி கொட்டுவது இயல்பு. வேர்ப்பைக்கு ஊட்டம் ரத்தத்தின் வழியாகவே போகிறது. மேலே தடவும் எண்ணெய் அதற்கு உணவாவதில்லை. மசாஜ் பயன் தரலாம் என்ற கருத்துக்கு 2016இல் ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். தினமும் 4 நிமிடம், 24 வாரம் பிடித்துவிட்டதில் முடி சற்றுத் தடித்தது உண்மை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 9 ஆண்கள் மட்டுமே; பிடித்துவிட்டது ஒரு கருவி.

பிறகு ஏன் இத்தனை பேர் எண்ணெயால் முடி வளர்ந்ததாகச் சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. டெங்குக் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, கடும் பட்டினி இவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்; காரணம் நீங்கிவிட்டால் சில மாதங்களில் தானாகவே நின்று, மீண்டும் முளைக்கும். பயந்துபோய் நடுவில் தொடங்கிய கரிசலாங்கண்ணித் தைலத்துக்குப் பேர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பதும் இப்படித்தான். அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே வேர்ப்பையைத் தாக்குகிறது. சிறிய திட்டுகள் பல வேளைகளில் தாமாகவே நிரம்பிவிடும்.

தானாகச் சரியாகாதது பரம்பரை வழுக்கை. டிஹெச்டி என்ற ஹார்மோனால் வேர்ப்பை சுருங்கிக்கொண்டே போவதால் வருவது அது. இதற்கு மினாக்சிடில் பூச்சும், ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரையும் ஆய்வில் தேறியவை. இரண்டுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. நிறுத்தினால் பலன் மங்கும். மேலும், வேர்ப்பை முற்றிலும் ஒடுங்குவதற்கு முன் தொடங்கினால்தான் அவையும் உதவும். எண்ணெய் மாற்றி எண்ணெய் பார்த்துக் கழிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்தக் காலத்தைத் தின்றுவிடுகின்றன. இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய தீங்கு இந்தத் தாமதம்தான்.

மற்ற குறைகள் சிறியவை, ஆனால் பெரும்பாலும் அன்றாடம் காண்பவை. பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு. 'தலை வறண்டுபோச்சு' என்று பொடுகின்மேல் எண்ணெய் வைப்பது அதற்குத் தீனி போடுவதுதான். நாள் முழுதும் வழியும் எண்ணெய் நெற்றியில் பருக்களைக் கொண்டுவருகிறது. விளக்கெண்ணெயின் பிசுக்கால் நீளமுடி அவிழ்க்க முடியாதபடி சிக்குண்டு, வெட்டியெறிய நேர்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னும் இரட்டைச் சடையில் எண்ணெய் குற்றமற்றது. ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் நெற்றியோர முடி போவது இறுக்கத்தால்.

சந்தை இந்தக் குழப்பத்திலேயே பிழைக்கிறது. பிசுக்கில்லாத எண்ணெய் என்று விற்பவை பலவற்றில் முதன்மைப் பொருள் லிக்விட் பாரஃபின், அதாவது 2003 ஆய்வில் புரத இழப்பைத் தடுக்காத கனிம எண்ணெய். இப்போதைய மோகமான ரோஸ்மேரி எண்ணெய்க்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2015 ஆய்வில் 100 பேர் இருந்தார்கள். ஆனால் எந்த மருந்தும் பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நிலைகளை அடுக்குகிறது. வழுக்கையும் புதுமுடி வளர்ச்சியும் அதில் உள்ளன. விளம்பரங்களோ 'ஆரோக்கியமான கூந்தல்' என்று சொல்லி, வளர்ச்சியைப் படத்தில் காட்டிவிடுகின்றன.

முடி உடைகிறது, சிக்காகிறது என்பவர்கள் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தண்டிலும் நுனியிலும் தடவிக்கொள்ளலாம். வகிடு அகன்றாலோ, உச்சி தெரிந்தாலோ, கொட்டுவது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ எண்ணெய்ப் புட்டியை வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் செய்யும் எளிய ரத்தப் பரிசோதனையிலேயே பலருக்குக் காரணம் தெரிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதற்குக் கட்டணம் இல்லை.