நூறு விழுக்காடும் செஞ்சியும்: உத்தி விளையாட்டில் மதமாற்றக் கணக்கு

பாரடாக்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ என்னும் வரலாற்று உத்தி விளையாட்டில் ஒரு மாகாணத்திற்கு ஒரு மதமே உண்டு. அரசு சமயப் பரப்பாளரை அனுப்பினால் மாற்றத்தின் அளவு மாதந்தோறும் ஏறும். அது நூறு விழுக்காட்டை எட்டியதும் மாகாணம் முழுவதும் அரச மதத்தைத் தழுவிவிடும். இதனைச் சமநிலைப்படுத்த வேகத்தைக் குறைத்தலும் செலவைக் கூட்டுதலுமே வழக்கமான தீர்வுகள். பிழை வேகத்தில் இல்லை, அலகில் உள்ளது என்பதற்குச் செஞ்சி சான்றாகிறது.

நாயக்கர்களுக்குப் பின் பீஜப்பூர் சுல்தானியமும், 1677-இல் சிவாஜியும், 1698-இல் முகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் இக்கோட்டையைக் கைப்பற்றினர். விளையாட்டின் தருக்கப்படி இவை ஒவ்வொன்றும் ஒரு மதமாற்ற வாய்ப்பு. களத்தில் நிற்பவையோ வேறு: கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும், அருகே சிங்கவரம் அரங்கநாதர் குடைவரையும், மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடமும். இதனைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாக மட்டும் வாசிப்பதும் அவசரமே.

ஏனெனில் செஞ்சி அரசு தொடர்பான மிகக் கொடிய சமயப் பூசல் ஒன்று, விளையாட்டின் கணக்கில் பூசலாகவே பதிவாகாது. சிதம்பரத்தில் கோவிந்தராசர் சன்னிதித் திருப்பணியைக் கிருஷ்ணப்ப நாயக்கர் மேற்கொண்டபோது அதனை எதிர்த்தோர் கோபுரத்திலிருந்து குதித்து மாண்டதாக, 1597-இல் அங்குச் சென்ற இயேசு சபைத் துறவி பிமெண்டா எழுதுகிறார். விளையாட்டிலோ இருதரப்பும் ‘இந்து’. சிவனும் திருமாலும் அரசன் தன் ஆட்சிக்காலத்திற்கெனத் தேர்ந்துகொள்ளும் சலுகைத் தெய்வங்கள் மட்டுமே. கோயில் இடமும் வழிபாட்டு உரிமையும் மானியமும் மாகாணம் என்னும் அலகுக்குள் கரைந்துபோகின்றன. சமணத்திற்கோ மதப்பட்டியலில் இடமே இல்லை.

சமணர் மரபுரை இன்னும் கடினமான ஒரு வினாவை எழுப்புகிறது. செஞ்சி நாயக்கர் ஒருவரின் சினத்திற்கு அஞ்சிய சமணர் பலர் திருநீறு பூசிச் சைவராகத் தோன்றினர் என்றும், வீரசேனாசாரியார் அவர்களுட் பலரைப் பின்னர் மீட்டார் என்றும் அம்மரபுரை கூறும். திரும்பாதவர்களே ‘நீறுபூசி வெள்ளாளர்’ எனப்பட்டனர் என்பர். இம்மரபுரையின் வரலாற்று உண்மை தனியே ஆராயத்தக்கது; எனினும் அது காட்டும் மதமாற்றம் அச்சத்தில் தொடங்கி, புறத்தோற்றத்தில் நின்று, சிலரிடம் மீண்டு, சிலரிடம் நிலைத்தது. மாகாணத்தை விடுத்து மக்கட் குழுக்களை அலகாகக் கொண்ட ‘விக்டோரியா 2’ (2010) இதற்குச் சற்று நெருங்கிவருகிறது. அங்கும் ஒரு குழுவிற்கு ஒரு மதமே. நெற்றியில் நீறும் வீட்டில் அருகன் வழிபாடுமாக வாழ்ந்தோரை எக்கட்டத்தில் பதிவது என்பதற்கு அதனிடமும் விடையில்லை.