ஸ்பைரல் பைண்டிங்

போன வாரம் ஆவடியில் ஏறி சென்ட்ரல் போகும்போது எதிர் ஸீட்டில் ஒரு பையன். பி.காம். முதல் வருஷம். மடியில் அசைன்மென்ட். ஸ்பைரல் பைண்டிங், பளபள அட்டை, கலர் பார்டர். நானும் பி.காம். என்பதால் பழைய பாசத்தில் வாங்கிப் புரட்டினேன்.

ஹென்றி ஃபயோலின் 14 மேலாண்மைக் கொள்கைகள். 1916-ல் அந்த பிரெஞ்சுக்காரர் வெளியிட்டது. பதினாலும் பிழையில்லாமல் இருந்தன.

"எதைப் பாத்து எழுதினே தம்பி?"

"ஃப்ரெண்டுதுலேர்ந்து சார். அவன் சாட்ஜிபிடில எடுத்தான்."

"மிஸ் கேக்க மாட்டாங்களா?"

"பக்கம்தான் எண்ணுவாங்க சார். பத்து இருக்கணும்."

குரலில் கள்ளத்தனம் துளிக்கூட இல்லை. அதுதான் உறுத்தியது. பன்னிரண்டு வருஷம் நோட்ஸை வரி மாறாமல் எழுதி மார்க் வாங்கியவனுக்கு இது எப்படித் தப்பாகத் தெரியும்? 'சொந்தமாக எழுது' என்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டுக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. 2019-ல் பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆய்வு நெறி பற்றி 30 மணி நேரப் பாடத்தையும் கட்டாயமாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால், முதல் வருஷத்தில் சொல்ல வேண்டியதைப் பிஎச்.டி.யில் சொல்வது, கிணற்றில் விழுந்தவனுக்கு நீச்சல் வகுப்பு எடுப்பது மாதிரி. பி.காமோடு வேலைக்குப் போகிறவனுக்கு அந்த வகுப்பும் கிடையாது.

பட்டரவாக்கம் வந்தது. "அப்பா இங்கதான் சார், எஸ்டேட்ல. லேத் ஆபரேட்டர்" என்றான்.

ஃபயோல் சொன்னதில் ஒன்று, ஒரு தொழிலாளிக்கு ஒரே மேலதிகாரிதான் உத்தரவு போட வேண்டும் என்பது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு சின்னப் பட்டறையில் அது நடக்கிறதா? முதலாளி ஒன்று சொல்ல, சூப்பர்வைசர் இன்னொன்று சொன்னால் அப்பா யார் பேச்சைக் கேட்பார்? இதைக் கேட்டு வந்து இரண்டே பக்கம் எழுதச் சொல்லலாம். ஃபயோல் சொன்னது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். அப்பா சொன்னது. இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று இவன் நினைப்பது. மூன்றையும் கலக்காமல் எழுதத் தெரிந்தால் ஆய்வுக் கட்டுரையின் அரிச்சுவடி வந்துவிட்டது.

அறுபது, எழுபது பேர் வகுப்பில் இதெல்லாம் யார் திருத்துவது என்பார்கள். நியாயம்தான். பத்துப் பக்கத்தை இரண்டாக்கினாலே பாதி பாரம் குறையும். எண்ணுகிற நேரத்தில் படித்துவிடலாம்.

பையனிடம் இதைச் சொன்னேன். யோசித்தான்.

"அப்பாகிட்ட கேட்டு எழுதினா மார்க் போடுவாங்களா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அவன் கல்லூரியைத்தான் கேட்க வேண்டும்.