முடிவு தெரிந்த கதை

ரக்பி லீக் உலகக் கோப்பையை யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால், அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர் "ஆஸ்திரேலியா" என்று சொல்லிவிடலாம். சொன்னது பெரும்பாலும் பலித்துவிடும். 1954 முதல் 2022 வரை ஆண்கள் கோப்பைக்காக 16 தடவை பந்தயம் நடந்திருக்கிறது. 12 தடவை அவர்கள்தாம் கொண்டுபோனார்கள். பிரிட்டனுக்கு 3, நியூஜிலாந்துக்கு 1. கொலைகாரன் பெயரை அட்டையிலேயே அச்சடித்துவிட்ட துப்பறியும் நாவல் போன்ற சமாசாரம். இதற்காக ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

முடிவு தெரிந்துவிட்டால் கதை செத்துப்போகும் என்கிற கட்சியில் நான் என்றும் சேர்ந்ததில்லை. ராமனுக்குப் பட்டாபிஷேகம் ஆகப்போகிறது என்று தெரிந்துதானே இத்தனை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? கோப்பை யார் கைக்குப் போயிற்று என்று மூலையில் நாலு வரி போடும் பத்திரிகைகளை நம்பினால் இந்தப் பந்தயத்தின் ருசி தெரியாது.

முதலில் ஆட்டத்தின் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரக்பியில் இரண்டு ஜாதி உண்டு. பதினைந்து பேர் ஆடுவது யூனியன். பதின்மூன்று பேர் ஆடுவது லீக். இரண்டும் பிரிந்தது கூலித் தகராறினால். வட இங்கிலாந்தில் ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். ஆட வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடு செய்வது விளையாட்டுக்கு இழுக்கு என்றார்கள் வசதி படைத்த கனவான்கள். 1895 ஆகஸ்டு 29ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடின, தனிக்குடித்தனம் போய்விட்டன. பணமும் விசுவாசமும் மோதிக்கொண்ட இடத்திலேயே பிறந்த ஆட்டம் இது. அந்த மோதல் இன்னும் தீரவில்லை.

விதிகள் பயப்படும்படி இல்லை. பந்தோடு ஓடுகிறவனைச் சடுகுடுவில் மடக்குவது போல் மடக்கிச் சாய்க்கிறார்கள். அவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட, ஆட்டம் தொடர்கிறது. ஆறு தடவை மடக்கிவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்கு. எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் 'ட்ரை', 4 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. ஓடுகிற ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் விட்டு, எழும்புகிறபோது உதைத்து அனுப்பினால் 1. இந்த ஒன்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது புது ரஸிகரின் வழக்கம். தடுக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பத்து மீட்டர் பின்னே ஓடிப்போய் மறுபடி முன்னே வரவேண்டும். எழுபதாவது நிமிஷத்தில் அந்த வரிசையைப் பாருங்கள். யார் மெதுவாக எழுந்திருக்கிறானோ அவன் பக்கத்தில்தான் வாசல் திறக்கும்.

ஆனால் இதெல்லாம் இலக்கணம். கதை, சட்டையில் இருக்கிறது. பிறந்த நாட்டுக்காக ஆடலாம். தாய் தகப்பன், பாட்டன் பாட்டி பிறந்த நாட்டுக்காகவும் ஆடலாம். பசிபிக் தீவுகளிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள் ஆக்லாந்திலும் சிட்னியிலும் வளர்ந்து பெரிய ஆட்டக்காரர்களாகிறார்கள். எந்தச் சட்டையைப் போடுவது?

2017இல் ஜேசன் டௌமலோலோ நியூஜிலாந்தை விட்டு டோங்காவுக்கு ஆடப்போனார். ஆண்ட்ரூ ஃபிஃபிடா ஆஸ்திரேலியாவை விட்டு வந்தார். இதென்ன நாடகம், சட்டை மாற்றுவது போல் நாட்டை மாற்றுவதா என்று கண்டித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கண்டனம் புரியவில்லை. கூலிப்படை என்றால் காசு அதிகம் கிடைக்கும் பக்கம் போகும். இவர்கள் காசு குறைந்த பக்கமல்லவா போனார்கள்? நவம்பர் 11ஆம் தேதி ஹாமில்டனில், பாதி ஆட்டம் வரை 2-16 என்று பின்தங்கியிருந்த டோங்கா, 28-22 என்று நியூஜிலாந்தைத் தோற்கடித்தது. இரண்டு வாரம் கழித்து ஆக்லாந்தில் இங்கிலாந்துடன் அரை இறுதி. ஏழு நிமிஷம் பாக்கி இருக்கையில் 0-20. மூன்று ட்ரை அடித்து 18-20 ஆக்கினார்கள். கடைசி விநாடிகளில் ஃபிஃபிடா பாய்ந்தார். கோட்டருகே பந்து கையை விட்டு நழுவியது. நடுவர் அது முன்னே விழுந்த பந்து என்றார். படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் அபிப்பிராயம்.

ஆகவே ஒரு கட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெயிக்கிற கட்சியாக இருக்க வேண்டாம். முதல் சுற்றிலிருந்தே பின்தொடருங்கள். 1972இல் லியோன் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் 10-10; கூடுதல் நேரத்திலும் தீரவில்லை. முன் ஆட்டங்களின் கணக்கைப் பார்த்துத்தான் பிரிட்டனுக்குக் கோப்பை கொடுத்தார்கள். அன்று மைதானத்தின் முழு நீளமும் ஓடி ட்ரை அடித்த தலைவர் கிளைவ் சல்லிவன். கார்டிஃபில் பிறந்த கறுப்பர்.

முதல் சுற்றில் அலுப்பும் உண்டு, மறைப்பானேன். 2022இல் ஆஸ்திரேலியா ஸ்காட்லாந்தை 84-0 என்று அடித்தபோது நான் பாதியில் எழுந்து காபி போடப் போய்விட்டேன். அதே வருஷம் முதல் ஆட்டத்தில் சமோவா இங்கிலாந்திடம் 6-60 என்று நொறுங்கியது. அன்றே அவர்களைக் கைவிட்டவர்கள் நவம்பர் 12ஆம் தேதி அரை இறுதியைத் தவற விட்டிருப்பார்கள். அதே இங்கிலாந்து, லண்டன் மைதானம், 26-26. முதலில் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி என்ற நிலையில் ஸ்டீஃபன் கிரைட்டன் உதைத்தார். நான் ஞாபகம் வைக்கச் சொன்ன அந்த ஒரு புள்ளி. இறுதியில் ஆஸ்திரேலியா 30-10 என்று ஜெயித்ததையா நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

முடிவு தெரியாத கதைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே போட்டியோடு சக்கர நாற்காலி ரக்பி லீகும் நடந்தது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம். நாற்காலிகள் மோதுகிற சத்தம் வயிற்றைக் கலக்கும். மான்செஸ்டரில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து 28, பிரான்ஸ் 24. அது யார் பக்கம் சாயும் என்று கடைசி வரை சொல்ல முடியவில்லை.